அம்மாவுக்கு முடக்குவாதம், எனக்கும் வருமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது, பார்க்க மனசு தாங்கவில்லை. மரபணுச் சோதனை செய்தால் எனக்கும் வருமா என்று தெரிந்துவிடுமா?

பதில் (பீனிக்ஸ்):
உறுதியாகத் தெரியாது அக்கா. எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகள் ஆபத்தைக் கூட்டும்தான், ஆனால் அவை இருக்கும் பெரும்பாலானோருக்கு நோயே வருவதில்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 15% தான்.

பதில் (டோங்காட்):
வீட்டில் யாராவது புகை பிடிக்கிறார்களா? அந்த வகை மரபணுவோடு சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. என் தம்பியைக் கெஞ்சித்தான் நிறுத்த வைத்தேன்.

பதில் (பீனிக்ஸ்):
அப்புறம், விரல் மூட்டு வீங்கி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் உடனே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி தம்பி. அண்ணன் புகைப்பார், இன்றே பேசுகிறேன்.