புதுப்பிப்பு: கேபினெட் விசிறிகள் சுழலத் தொடங்கிவிட்டன

புதிதாகப் பூட்டிய கணினியில் விளக்குகள் எரிகின்றன, நான்கு விசிறிகளில் ஒன்றுகூடச் சுழலவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். இப்போது நான்கும் ஓடுகின்றன. யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரு விசிறியை மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையில்) நேரடியாகச் செருகிப் பார்க்கச் சொன்னதுதான் வழி காட்டியது. செருகியதுமே சுழன்றது. ஆக, பழுது விசிறியில் இல்லை. முன்பக்க மூன்றையும் இணைக்கும் ஹப்புக்கு மின்சாரமே வரவில்லை. பின்தகட்டைக் கழற்றினால், பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா செருகி பாதி நழுவிக் கிடந்தது! விளக்குகளுக்கு மதர்போர்டிலிருந்து தனி 5 வோல்ட் கம்பி போகிறது. அவை எரிந்ததால்தான் ஹப்பை நான் சந்தேகிக்கவே இல்லை.

பின்பக்கத்து விசிறி (மூன்று முள் செருகி கொண்டது) மட்டும் அடம்பிடித்தது. மெல்லத் தள்ளிவிட்டால் ஓடும், தானாகக் கிளம்பாது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரையில்) அதன் வேகம் 30 சதவீதம் என்றிருந்தது. அதாவது, முழு வேகத்துக்கான 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.6 வோல்ட்தான் அதற்குப் போனது, கிளம்ப அது போதவில்லை. 60 சதவீதமாக உயர்த்தினேன், உடனே சுழன்றது. கொஞ்சம் இரைகிறது. நாளை 50 வைத்துப் பார்க்கிறேன்.