கேசட் டெக் ஹெட் அலைன்மென்ட் செய்பவர் தேவை (குமரி மாவட்டம்)

குளச்சலில் இருக்கிறேன். 1990களின் இரட்டை கேசட் டெக், ஆட்டோ ரிவர்ஸ் கிடையாது. ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒலி மந்தமாகிவிட்டது. டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தமே இல்லை. அவ்வப்போது ஒரு காதில் மட்டும் அமுங்கி, திரும்ப வருகிறது. வேகத்தில் குறையில்லை.

நான் கேட்பது பிளாக் மெட்டல் என்ற ஆக்ரோஷமான ராக் வகை, அதிலும் வேண்டுமென்றே கரடுமுரடாகப் பதிவு செய்தவை. நார்வேயின் டார்க்த்ரோன் இசைக்குழு 1994இல் வெளியிட்ட 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் இசையை அதன் டிரம்மர் ஃபென்ரிஸ் தனியாளாக, நாலு டிராக் ரெக்கார்டரில் பதிவு செய்தார். அந்த இரைச்சலுக்கு அடியில் கிடார் பனிமூட்டம் மாதிரி நகரும், அதற்காகத்தான் கேட்பதே. ட்ரெபிள் (உயர் ஒலிகள்) போனால் மிச்சம் வெறும் உறுமல்தான்.

ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்), கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கும் தண்டு), ரப்பர் ரோலரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன். ஹெட்டில் சேர்ந்த காந்தத்தை நீக்க டிமேக்னடைஸ் செய்தேன். டால்பி (இரைச்சல் குறைப்பு) ஆஃப். டெக்கிலேயே ஹெட்போன் மாட்டினாலும் இதே கதை, ஆக ஆம்ப்ளிஃபயர் மேல் பழி இல்லை. அதே கேசட் தக்கலையில் நண்பர் வீட்டு டெக்கில் சுத்தமாகப் பாடுகிறது. இளையராஜா கேசட்டும் என் டெக்கில் மந்தம்தான்.

கடையில் காட்டினால், "இது பாட்டாடே, இல்ல மிஷின் சத்தமா?" என்கிறார் மெக்கானிக். அவரைக் குறை சொல்ல முடியாது. அசிமத் (டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம்) விலகியிருக்கும் என்று சந்தேகம். அதைச் சரிபார்க்கும் டெஸ்ட் டேப் இல்லாமல் ஹெட் ஸ்க்ரூவைத் தொட மனசு வரவில்லை.

நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் வரை, டெஸ்ட் டேப் வைத்து அசிமத் சரிசெய்பவர் யாராவது இருக்கிறார்களா?