'தி நன்' படமும் எங்கள் ஹாஸ்டல் ராத்திரியும்

'தி நன்' என்கிற ஆங்கிலப் பேய்ப் படம் 2018-ல் வந்தபோது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். நம்ம ஏரியாவில் பேய்ப் படம் பார்ப்பதே தனிக் கூத்து. படத்தின் நாயகி சிஸ்டர் ஐரீன் இருட்டில் தனியாக நடக்க ஆரம்பித்ததுமே பின்வரிசையிலிருந்து "அக்கா, போவாதக்கா!" என்று குரல். கன்னியாஸ்திரி உடையில் வெள்ளை மூஞ்சிப் பேய் வந்து நின்றதும் ஓர் அலறல், கூடவே விசில். இந்தக் களேபரத்தில் எங்கே பயப்படுவது?

எனக்கு வயிற்றைக் கலக்கியது டேனியல் என்கிற பையனின் கதைதான். படத்தில் வாட்டிகன் அனுப்பும் பாதிரியார் ஃபாதர் பர்க், முன்பு அவனுக்குப் பேயோட்டும்போது பட்ட காயத்தில் செத்துப்போனவன்.

ராயபுரத்தில் சிஸ்டர்கள் நடத்திய ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் நான். ஒரு ராத்திரி என் வகுப்புப் பெண் ஒருத்தி கட்டிலிலிருந்து விழுந்து, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். சமையல்கார ஆயா "காத்து கறுப்பு அடிச்சிருக்கும்மா" என்றபடி சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார். ஒருத்தி ஜெபமாலையை எடுத்து அவள் நெற்றியில் அழுத்தினாள். மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வார்டன் சிஸ்டர் வந்தார். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். சாவிக்கொத்தை உருவி ஆயாவிடமே நீட்டி, "போய் கேட்டைத் திறங்க, ஆட்டோ வரணும்" என்றார். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஜெபமும் நடந்தது, மாத்திரைக்கு அப்புறம்.

கத்தோலிக்கச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பிஷப்பின் அனுமதி இல்லாமல் எந்தப் பாதிரியாரும் பேயோட்டும் சடங்கைச் செய்ய முடியாது. 1614-ஆம் ஆண்டுச் சடங்கு முறையைத் திருத்தி 1999-ல் வெளியிட்டபோது, நோயைப் பேய் என்று எண்ணிவிடக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையோடு, தேவைப்பட்டால் டாக்டர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள்.

படத்தின் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கதை நடப்பது 1952, ருமேனியா. நிஜத்தில் அங்கே கம்யூனிஸ்ட் அரசு 1949-லேயே கத்தோலிக்கத் துறவற சபைகளைக் கலைத்துவிட்டது. 1950-ல் வாட்டிகன் தூதரையும் வெளியேற்றிவிட்டது. அப்படிப்பட்ட ஊருக்கு வாட்டிகன் ஒரு ஃபாதரை அனுப்பினால் அவர் எல்லையைத் தாண்டுவதே பெரிய திகில் கதை! படமோ அந்தப் பக்கமே போகவில்லை. படத்தில் அந்தப் பேய்க்கு வைத்த வாலக் என்ற பெயரும் பழைய மாந்திரீக நூலில் இருப்பதுதான், ஆனால் அங்கே அது சிறகு முளைத்த சிறுவன், இரட்டைத் தலை டிராகன் மேல் வருவான். கன்னியாஸ்திரி வேஷம் சினிமாக்காரர்கள் போட்டது.

சரி, குறை சொன்னாலும் ஃபாதரை உயிரோடு சவப்பெட்டியில் புதைத்து, அவர் உள்ளிருந்து மணி அடிக்கும் காட்சிக்கு மட்டும் எங்கள் தியேட்டரில் ஒரு விசில்கூட வரவில்லை. 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தை இன்னும் பார்க்கவில்லை. அது பிரான்சில் ஒரு போர்டிங் ஸ்கூலில் நடக்கிறதாம். பகல் காட்சியாக இருந்தால் போகலாம்.