சேமிப்பு அறை வாடகை பாக்கி: ஒரு புதுப்பிப்பு

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் நாங்கள் நடத்தும் சேமிப்புக் கிடங்கில், வாடகை கட்டியவர்களின் நுழைவு எண்ணையும் மென்பொருள் முடக்கிவிடுகிறது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். காரணம் பிடிபட்டது. பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றுச் சேவையில் பணம் நொடியில் வந்துவிடுகிறது. ஆனால் குறிப்பில் அறை எண் இல்லாமல் வெறுமனே ‘வாடகை’ என்று எழுதினால், அது யாருடைய பணம் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? இப்போது பில்லுடன் தனிக் கியூஆர் குறியீடு போகிறது. ஸ்கேன் செய்தால் அறை எண் தானே நிரம்பிவிடும். யோசனை சொன்னவருக்கு நன்றி.

குறுஞ்செய்தி கதை தனி. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, அனுப்புநர் பெயரைப் பதிவு செய்யாவிட்டால் செய்தி ‘லைக்லி ஸ்கேம்’ (மோசடியாக இருக்கலாம்) என்ற பெயரில்தான் போய் விழும். எங்கள் நினைவூட்டல்களும் அங்கேதான் கிடந்திருக்கின்றன! பெயரைப் பதிந்த பிறகு, முதல் நினைவூட்டலிலேயே பலர் கட்டிவிடுகிறார்கள்.

பாக்கி வைத்தவர் அறைக்குப் போடும் பூட்டை மட்டும் தானியங்கியிடம் விடவில்லை. வாடகை பாக்கியாகி 14ஆம் நாள், கட்டாதவர்களின் பட்டியல் என் மேசைக்கு வரும். நான் தொலைபேசியில் பேசிய பிறகே சிவப்புப் பூட்டு ஏறும். நேற்று ஓர் அண்ணன், அம்மாவின் தையல் இயந்திரம் உள்ளே இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கொடுத்தேன். முதலாளிக்குத்தான் முகம் கோணிவிட்டது.