கவுண்டி கோர்ட்டை ஜேர்மன் மொழியில் எப்படி எழுதுவது? (அவசரம்)

எசன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். ஆங்கில நீதிமன்றப் பத்திரம் ஒன்றை ஜேர்மன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். தலைப்பில் 'கவுண்டி கோர்ட்' என்று இருந்ததால் 'க்ரைஸ்கெரிக்ட்', அதாவது மாவட்ட நீதிமன்றம், என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் ஏற்காமல் திருப்பித் தந்துவிட்டார்கள். சரியான சொல் எது? வெள்ளிக்கிழமைக்குள் மீண்டும் கொடுக்க வேண்டும்.

நெல்லைச்சீமை:
எந்த நாட்டுப் பத்திரம் என்று நீங்கள் எழுதவில்லையே. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்தப் பெயரில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவற்றின் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கிலாந்தில் இது உரிமையியல் நீதிமன்றம். ஸ்காட்லாந்தில் இந்தப் பெயரே கிடையாது, அங்கே இருப்பது 'ஷெரிஃப் கோர்ட்'. ஆண்டும் வழக்கின் தன்மையும் தெரிந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும்.

பூங்குன்றம்:
எந்த நாடானாலும், ஜேர்மனியின் அடிநிலை நீதிமன்றத்தின் பெயரான 'ஆம்ட்ஸ்கெரிக்ட்' என்று எழுதுங்கள். இரண்டும் கீழ்நிலை நீதிமன்றங்கள்தான். ஜேர்மனியில் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் குடும்ப நீதிமன்றம்கூட ஆம்ட்ஸ்கெரிக்டின் ஒரு பிரிவுதான் என்பதால், படிக்கும் அதிகாரிக்கு உடனே விளங்கும்.

கடலோரம்:
பூங்குன்றம் அண்ணா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆம்ட்ஸ்கெரிக்ட் என்று எழுதினால், ஜேர்மன் நீதிமன்றம் ஒன்று அந்த ஆணையைப் பிறப்பித்தது என்று பொருள்படும். 'கவுண்டி' (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) என்பதற்கு ஜேர்மன் சொல் 'கிராஃப்ஷாஃப்ட்', ஆகவே 'கிராஃப்ஷாஃப்ட்ஸ்கெரிக்ட்' என்பதே நேரான பெயர். அகராதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

பழையஏடு:
அகராதியைப் புரட்டிச் சொல் பொறுக்குவது மொழிபெயர்ப்பு ஆகாது என்று இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் பழைய இழைகளைப் படிப்பதில்லை. 'க்ரைஸ்கெரிக்ட்' கிழக்கு ஜேர்மனியின் அடிநிலை நீதிமன்றங்களுக்கு இருந்த பெயர். அதற்கு முன் பிரஷ்யாவிலும் வழங்கியது, ஆஸ்திரியாவிலும் இருந்தது. ஜேர்மன் அதிகாரி ஒருவர் அதைப் படித்தால் இன்று இல்லாத ஒரு நாட்டின் பத்திரம் என்றுதான் முதலில் நினைப்பார். 'கிராஃப்ஷாஃப்ட்' சேர்ப்பதும் பொருந்தாது, ஏனென்றால் 1846ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் அந்த நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டபோதே அவற்றின் எல்லைகள் கவுண்டி எல்லைகளைப் பின்பற்றவில்லை. நீதிமன்றத்தின் பெயரை மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டு, 'இங்கிலாந்தின் கீழ்நிலை உரிமையியல் நீதிமன்றம்' என்று சதுர அடைப்புக்குள் ஜேர்மன் மொழியில் ஒரு விளக்கம் சேர்ப்பதுதான் முறை. அத்துடன், நீங்கள் நீதிமன்றத்தால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரா? இல்லையென்றால் எந்தச் சொல்லை எழுதினாலும் அலுவலகம் திருப்பித்தான் அனுப்பும். இதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

எசன்வாசி:
நாட்டைக் குறிப்பிடாததற்கு மன்னிக்கவும். இங்கிலாந்துதான், 2011ஆம் ஆண்டு. அக்காவின் விவாகரத்துப் பத்திரம். அவர் இங்கே மறுமணம் செய்யப் போகிறார், அதனால் திருமணப் பதிவு அலுவலகம் கேட்டது. தலைப்பில் 'டிக்ரி நைசை' என்று இருக்கிறது, நான் 'ஷைடுங்ஸ்உர்டைல்', அதாவது விவாகரத்துத் தீர்ப்பு, என்று எழுதியிருக்கிறேன். நான் அங்கீகாரம் பெற்றவன் அல்ல.

நெல்லைச்சீமை:
தம்பி, நீதிமன்றத்தின் பெயரைச் சற்று ஒதுக்கி வையுங்கள். சிக்கல் பத்திரத்திலேயே இருக்கிறது. 'டிக்ரி நைசை' என்பது இறுதி ஆணை அல்ல. மணமுறிவுக்குத் தடையில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதற்கான இடைநிலை ஆணை அது. அதன் பிறகு பொதுவாக ஆறு வாரங்கள் கழித்து விண்ணப்பித்து 'டிக்ரி அப்சொலூட்' பெற்றால்தான் அந்தத் திருமணம் சட்டப்படி முடிவுக்கு வரும். நைசையை வெறுமனே 'ஷைடுங்ஸ்உர்டைல்' என்று எழுதினால், முடியாத ஒன்றை முடிந்ததாகச் சொல்லும் பத்திரமாகிவிடும். 'ஃபோர்லாய்ஃபிகெஸ்', அதாவது தற்காலிகமானது, என்ற அடைமொழி இல்லாமல் அதை எழுதவே கூடாது. அப்சொலூட் ஆணைக்கு 'எண்ட்க்யூல்டிகெஸ்', அதாவது இறுதியானது, என்று சேர்க்க வேண்டும். அக்காவிடம் அந்த இரண்டாவது தாள் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள். (2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் இவற்றை 'கண்டிஷனல் ஆர்டர்', 'ஃபைனல் ஆர்டர்' என்று அழைக்கிறார்கள். உங்கள் பத்திரம் பழையது என்பதால் பழைய பெயர்களே பொருந்தும்.)

இன்னொன்றும் கவனியுங்கள். 'பெட்டிஷனர்' (மனுதாரர்) என்பதற்குக் 'க்ளேகர்' (வாதி) என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஜேர்மன் குடும்ப வழக்குகளில் மனுதாரருக்கு 'அன்ட்ராக்ஷ்டெல்லர்', எதிர்த்தரப்புக்கு 'அன்ட்ராக்ஸ்கெக்னர்' என்பவையே வழக்கு.

பூங்குன்றம்:
நைசை பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மூலப் பெயரை அப்படியே விடுவது எனக்கு ஒப்பவில்லை. அப்படியென்றால் 'ஹை கோர்ட்' என்பதையும் விட்டுவிடுவீர்களா? 'ஹை' என்பதற்கு 'ஓபர்' நேராகப் பொருந்துவதால் அதை 'ஓபர்லாண்டஸ்கெரிக்ட்' (ஜேர்மன் மாநிலங்களின் உயர் நீதிமன்றம்) என்றுதான் நான் எழுதுவேன்.

பழையஏடு:
இந்தத் தவற்றை இன்னும் எத்தனை பேருக்குத் திருத்துவது? இங்கிலாந்தின் ஹை கோர்ட்டில் பெரிய வழக்குகள் முதல் முறையாகவே விசாரிக்கப்படுகின்றன. ஓபர்லாண்டஸ்கெரிக்டின் பெரும்பகுதி வேலையோ மேல்முறையீடு. பெயரில் உள்ள 'உயர்வு' ஒன்றே போதுமென்றால், நியூயார்க் மாநிலத்தின் 'சுப்ரீம் கோர்ட்' முதல்நிலை நீதிமன்றம் என்பதையும் அந்த மாநிலத்தின் உச்சி 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்' என்பதையும் எப்படி எழுதுவீர்கள்?

பூங்குன்றம்:
நியூயார்க் விதிவிலக்கு. இந்தியப் பத்திரங்களில் உயர் நீதிமன்றத்துக்கு ஓபர்லாண்டஸ்கெரிக்ட் பொருந்துகிறதே.

கடலோரம்:
அங்கும் முழுமையாகப் பொருந்தாது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரத்துடன், உரிமையியல் வழக்குகளை முதலில் விசாரிக்கும் அசல் அதிகாரமும் உண்டு. சொல்லப்போனால் இங்கிலாந்திலேயே 'சுப்ரீம் கோர்ட்' என்ற சொல் ஆண்டைப் பொறுத்து மாறுகிறது. 2009 அக்டோபருக்கு முந்தைய பத்திரத்தில் அந்தப் பெயர் வந்தால் அது ஹை கோர்ட், கிரவுன் கோர்ட், கோர்ட் ஆஃப் அப்பீல் மூன்றையும் சேர்த்த பொதுப்பெயர். அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பு பிரபுக்கள் சபை. ஆண்டைப் பார்க்காமல் 'ஓபர்ஸ்டெஸ் கெரிக்ட்', அதாவது உச்ச நீதிமன்றம், என்று எழுதினால் பெரும் பிழையாகிவிடும். இதை யோசித்த பிறகு, கிராஃப்ஷாஃப்ட்ஸ்கெரிக்டை விட்டுவிட்டு விளக்கத்தோடு மூலப் பெயரை வைப்பதே நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது.

பூங்குன்றம்:
படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதே என் கவலை. ஆம்ட்ஸ்கெரிக்ட் என்ற சொல்லை அந்த விளக்கத்துக்குள் ஒப்பீடாகவாவது வைக்கலாம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நெல்லைச்சீமை:
விளக்கத்துக்குள் வருவதில் தவறில்லை, பெயராக வரக்கூடாது என்பதுதான் எங்கள் வாதம். எசன்வாசிக்கு மேலும் ஒரு செய்தி: 2020 முடிவதற்குள் தொடங்கிய இங்கிலாந்து விவாகரத்து வழக்குகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2201/2003 ஒழுங்குமுறை பொருந்துவதால், ஜேர்மனியில் தனி அங்கீகார நடைமுறை தேவைப்படாது. அதன் 39ஆம் பிரிவின்படியான சான்றிதழை ஆணை வழங்கிய நீதிமன்றத்திடம் கேட்டு வாங்கலாம். அது நிலையான படிவம் என்பதால் மொழிபெயர்ப்பு வேலையும் பெருமளவு குறையும். அதன் பின் தொடங்கிய வழக்குகளுக்குத்தான் பொதுவாக ஜேர்மன் குடும்ப நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின் கீழ் மாநில நீதித்துறை நிர்வாகத்தின் அங்கீகாரம் வேண்டும்.

எசன்வாசி:
அப்சொலூட் ஆணை அக்காவிடம் இருந்தது, வேறொரு கோப்பில் வைத்திருந்திருக்கிறார். இரண்டையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் இன்று கொடுத்துவிட்டேன். அவரும் 'கவுண்டி கோர்ட்' என்பதை அப்படியே வைத்து விளக்கம் போடுவதாகச் சொன்னார். 39ஆம் பிரிவுச் சான்றிதழுக்கும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முடியாது, அலுவலகம் மூன்று வாரம் அவகாசம் தந்திருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

பூங்குன்றம்:
அந்த விளக்கத்தில் ஆம்ட்ஸ்கெரிக்ட் என்ற சொல் இருக்கிறதா என்று முடிந்தால் சொல்லுங்கள்.