"கத்தி பட்டால் ஓடிவிடும்" என்று நம்பி எத்தனை மாதம் போனது?

பாளையங்கோட்டைக்காரர்:

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில், எனக்கு அடுத்த இலைக்காரர் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டே அடித்துச் சொன்னார்: "கேன்சர் கட்டியில கத்தி மட்டும் பட்டுரக் கூடாதுவே. காத்துப் பட்டுச்சுன்னா உடம்பெல்லாம் ஓடிரும்." அக்கம்பக்கத்து இலைகளில் நாலு தலை ஆடியது. எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. இதே பேச்சை நம்பித்தான் என் அம்மா ஏழு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

தையில் குளிக்கும்போது மார்பில் கையில் தட்டுப்பட்டிருக்கிறது, சுண்டைக்காய் அளவு. எங்களுக்குத் தெரிந்தது ஆடியில். அதுவும் தோல் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிய பிறகு என் மனைவியிடம்தான் காட்டியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "வலிச்சா சொல்லியிருப்பேம்லா" என்றாள். வலிக்காதது நல்லது என்று நினைப்பு. மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது அவளுக்கு மட்டுமா, எனக்கும்தான் தெரியாது. இன்னொரு காரணம், எங்கள் தெரு ஆச்சி ஒருத்தி ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தது. டாக்டரிடம் அதைச் சொன்னேன். அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. அந்த ஆச்சிக்கு முதலில் பரவியிருக்கும், அப்புறம்தான் திறந்திருப்பார்கள். நாம்தான் வரிசையை மாற்றிக் கோத்துக்கொண்டோம்.

அம்மா முதலில் போகச் சம்மதித்தது ஒரு சித்த வைத்தியரிடம்தான். 1964லிருந்து எங்கள் ஊரில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அங்கே படித்தவர். நாடி பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார். சூரணம் எழுதித் தருவார் என்று நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு. "ஊசியில சதை எடுத்துப் பாக்கணும்மா, அது வரைக்கும் என்கிட்ட மருந்து கிடையாது." அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றும்.

பயாப்ஸி என்றால் ஏதோ என்று பயந்தோம். மரக்க ஊசி போட்டு, கொஞ்சம் தடிமனான ஊசியில் நூல் கணக்காக நாலைந்து துணுக்கு எடுத்தார்கள். பிளாஸ்திரி ஒட்டினார்கள், அம்மா வெளியே வந்து காப்பி கேட்டாள். அப்படி எடுப்பதால் மார்பகப் புற்று பரவி ஆள் போய்விடுவார் என்பதற்கு ஆதாரமே கிடையாது. சில உறுப்புகளில் ஊசி போன தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது அரிதாக நடக்கும், அதனால்தான் எந்தக் கட்டியை எப்படி எடுப்பது என்று பார்த்துச் செய்கிறார்கள். விரையில் வரும் கட்டியை ஊசியால் குத்திப் பார்ப்பதே இல்லை. அது டாக்டருக்குத் தெரிந்த கணக்கு, பந்தி இலைக்காரருக்குத் தெரிந்தது இல்லை.

கட்டி பெரிதாகிவிட்டதால் முதலில் கீமோ, அப்புறம் ஆபரேஷன், கடைசியில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சை நம்ம ஆட்கள் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் நகை அடகுக்குப் போகவில்லை. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தாங்குகிறது. கரண்ட் வைக்கும் நாட்களில் அம்மா பேரனைப் பக்கத்திலேயே விடவில்லை, தன் உடம்பிலிருந்து கதிர் அடிக்கும் என்று எவளோ சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து மிஷினில் வைக்கும் கரண்ட் மிஷினோடு நின்றுவிடும், உடம்பில் தங்காது. அதை டெக்னீஷியன் தம்பி சொன்ன பிறகுதான் பிள்ளை மடியில் ஏறினான்.

இந்தக் கூத்தில் என் மாமா வேறு. வாட்ஸப்பில் வந்ததாம், "சீனிதான் கேன்சருக்குத் தீனி." அம்மாவின் காப்பியில் சீனியை நிறுத்தினார், சோற்றைக் குறைத்தார், அல்வாவைக் கண்ணில் காட்டவில்லை. ஆனால் கருப்பட்டி போடலாமாம், அது இயற்கையாம்! சீனியோ கருப்பட்டியோ சோறோ, ரத்தத்தில் சேரும்போது எல்லாம் குளுக்கோஸ்தான். புற்றுச் செல் குளுக்கோஸை நிறைய இழுக்கும் என்று 1920களிலேயே வார்பர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது உண்மை. அதற்காக நாம் பட்டினி கிடந்தால் அது பட்டினி கிடக்கும் என்பது பொய், முதலில் வாடுவது ஆள்தான். அம்மா ஒரு மாதத்தில் நாலு கிலோ இறங்கி, அடுத்த கீமோவே தள்ளிப்போனது. டாக்டர் மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றைக்குச் சாயங்காலம் அவரே நூறு கிராம் அல்வாவோடு வந்தார், வாழை இலைத் துண்டில், நெய் வடிய. அம்மா விரலால் வழித்து வழித்துத் தின்றாள்.

உங்களைக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் என்ன நம்பினீர்கள், அதில் எத்தனை மாதம் போனது? உபதேசம் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள்.

ஆலங்குளம் பக்கத்துக்காரி:

எங்கள் வீட்டில் நாலு மாதம் அண்ணாச்சி. அப்பாவுக்குக் குரல் கம்மியது. சளி என்றோம், கற்பூரவல்லிச் சாறு, தேன், மிளகுப்பால், ஒன்று விடவில்லை. காசநோயாக இருக்குமோ என்று கூட நினைத்தோம், புற்று என்று தோன்றவே இல்லை, ஏனென்றால் அப்பா சிகரெட் குடிக்க மாட்டார். பீடிதான். "பேப்பர்தான் கெடுதல், இது இலை" என்பார். எங்கள் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு இருக்காது.

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். பீடி இலை சீக்கிரம் அணைந்துபோகும், அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். அதனால் தூள் கொஞ்சம்தான் இருந்தாலும் உள்ளே போகும் நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறைவில்லை, கூடத்தான். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டுமாம். நாங்கள் பதினாறு வாரம் தேன் கொடுத்தோம். குரல்வளையை எடுத்தாயிற்று. இப்போது கழுத்து ஓட்டையை ஒரு விரலால் பொத்திக்கொண்டுதான் பேசுகிறார், பழகியவர்களுக்குப் புரியும்.

இதில் ஒன்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் டிகிரி முடித்தது அம்மா சுற்றிய பீடியில். திண்ணையில் காலை நீட்டி மடியில் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, வாயை மடித்து நூல் கட்டுவது வரை எனக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளும் அம்மா தட்டை எடுத்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேறு என்ன வேலை இருக்கிறது என்று நீங்கள் சொல்லுங்கள், சொல்கிறேன் அவளிடம்.

ராதாபுரம் பக்கத்துக்காரர்:

என் பெரியப்பா கதை சின்னது. கன்னத்து உள்பக்கம் வெள்ளையாகப் படை, காரம் பட்டால் எரியும், வாய் திறக்க முடியவில்லை. "எல்லாம் அந்த அணு உலையால" என்பார். சொல்லும்போதே வாயில் வெற்றிலை பாக்கு அடைத்திருக்கும். அணு உலைச் சண்டை தனி, அதை நான் இங்கே இழுக்கவில்லை. ஆனால் அவர் கன்னத்தில் இருந்தது பாக்கு. "புகையிலை போடுறது இல்லையே, வெறும் பாக்குதானே" என்று வேறு சமாதானம். வெறும் பாக்கையே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியான புற்றுக்காரணிகள் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. கையின் நடுவில் இருக்கும் மூன்று விரலையும் நெட்டாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் பல் டாக்டரிடமாவது காட்டுங்கள். பெரியப்பாவுக்கு இரண்டு விரலே போகவில்லை. எங்கள் வீட்டில் வீணாகப் போனது ஐந்து மாதம்.

மேலப்பாளையத்துக்காரர்:

நம்ம வீட்டில் உம்மாவுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. யாரும் சொல்லவில்லை, தானாகவே நடந்துவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்று. ஒரு நாள் உம்மா தன் டம்ளரை வேறு சாமானோடு சேராமல் ஓரமாகக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. புற்றுநோய் தட்டில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தால் ஒட்டாது.

செங்கோட்டைக்காரர்:

காக்கா, கர்ப்பப்பை வாய்க்கு மட்டும் வைரஸ்தான் காரணம் என்கிறார்களே, அப்போ ஒட்டும்தானே?

மேலப்பாளையத்துக்காரர்:

நல்ல கேள்வி, நானும் இதே கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒட்டுவது எச்.பி.வி. வைரஸ், புற்று இல்லை. அது தாம்பத்திய உறவில் வருவது, டம்ளரில் இல்லை. வந்த பெரும்பாலானோருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகப் போய்விடும், சிலருக்குப் போகாமல் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றாகும். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ல் நோபல் கொடுத்தார்கள். இதில் ஒரு நல்லது, தடுப்பூசி இருக்கிறது, நம்ம நாட்டிலேயே செய்கிறார்கள். 9 வயதிலிருந்து 14க்குள் போட்டால் ரொம்ப நல்லது. மகளுக்குப் போட்டாயிற்று. "சின்னப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி" என்று பேசினார்கள்தான். உம்மாதான் அவர்கள் வாயை அடைத்தார்கள். பரிசோதனைக்கு முப்பது வயதுக்கு மேல் பெண்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம், காசு கிடையாது. உம்மா விலக்கு நின்ற பிறகு வந்த உதிரத்தை "சூடு" என்று பத்து மாதம் மறைத்தார்கள்.

செங்கோட்டைக்காரர்:

சரி, என் முறை. சாரல் சீசனில் குற்றாலத்துப் பழக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள், ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன். அதோடு இப்போது முள்சீத்தா. அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருந்தான், "கேன்சரை விரட்டும்" என்று. என் அத்தானுக்குக் குடல் புற்று, ஆபரேஷன் முடிந்து கீமோவுக்குத் தேதி கொடுத்தாயிற்று. "கீமோவை விட பத்தாயிரம் மடங்கு வீரியம்" என்று யாரோ ஒருவர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, தேதியை விட்டுவிட்டு இலைக் கஷாயத்தில் இறங்கிவிட்டார். மூன்று மாதம்.

வீரியம் எல்லாம் கண்ணாடிக் குடுவையில் செல் மேல் ஊற்றிப் பார்த்தபோது. குடுவையில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றினாலும்தான் புற்றுச் செல் சாகும், குடிப்போமா? மனிதர்களுக்குக் கொடுத்துக் குணமானதாக ஒழுங்கான ஆய்வு இல்லை. மாறாக, கரீபியன் கடலில் குவாடலூப் தீவில் இதே பழத்தையும் இலைக் கஷாயத்தையும் ரொம்ப நாள் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் விறைப்பும் அதிகம் இருந்ததை 1999லேயே எழுதியிருக்கிறார்கள். அத்தான் மறுபடி கீமோவுக்கு வந்தார், ஆனால் அதற்குள் கல்லீரலில் இரண்டு புள்ளி. முன்பே வந்திருந்தால் வந்திருக்காதா என்று கேட்டேன், டாக்டர் பதில் சொல்லவில்லை.

"இங்கிலீஷ் மருந்து விஷம், மூலிகையில் பக்கவிளைவே கிடையாது" என்பதுதான் அத்தானின் வாதம்.

திசையன்விளைக்காரர்:

அண்ணாச்சி அந்தக் கடைசி வரிக்காகவே வருகிறேன். நான் நித்தியகல்யாணி போடுகிறவன். எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்றால்தான் தெரியும். செம்மண்ணில் தண்ணீர் இல்லாத காட்டில் வரும், வேலி வேண்டாம், ஆடு வாய் வைக்காது. ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள், அது விஷம். இலையை உருவிக் காயப்போட்டு, வேரைப் பிடுங்கித் தனியாகக் காயப்போட்டு, சாக்கில் கட்டினால் வியாபாரி வந்து எடுத்துப்போவார். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. மருந்துக்கு என்பார், விட்டுவிடுவேன்.

என் தங்கச்சி மகனுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்று. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். ஒரு நாள் நர்ஸ் ஏற்றிய மருந்துப் பெயரைக் கேட்டேன், வின்கிரிஸ்டின். இது எதிலிருந்து வருகிறது என்று சும்மா கேட்கப்போக, அந்தப் பிள்ளை செல்லில் ஒரு படத்தைக் காட்டினாள். ஐந்து இதழ், இளஞ்சிவப்பு. என் காட்டுப் பூ. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

1950களில் ஜமைக்காவிலிருந்து இந்த இலையை, சர்க்கரை நோய்க்கு ஆகும் என்று கனடாவுக்கு அனுப்பினார்களாம். சர்க்கரை இறங்கவில்லை. எலிக்கு வெள்ளணு இறங்கியது. அட, அப்போ வெள்ளணு தாறுமாறாகப் பெருகும் நோய்க்கு ஆகுமே என்று பிடித்துப் போனதில்தான் வின்பிளாஸ்டின் வந்தது, பின்னாலேயே வின்கிரிஸ்டின். 1963லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆக இந்தக் கீமோவே மூலிகைதான் அண்ணாச்சி, அளந்து கொடுக்கிற மூலிகை.

செங்கோட்டைக்காரர்:

அப்போ உங்கள் காட்டு இலையை நேராகக் கஷாயம் போட்டால்?

திசையன்விளைக்காரர்:

போய்ச் சேர்ந்துவிடுவீர்கள்! பெரிய ஆளுக்கே ஒரு வேளைக்குப் பெரும்பாலும் இரண்டு மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்களாம், அதுவும் ரத்தக்குழாயில் ஏற்றும் ஊசியில் மட்டும். அந்த ஒரு துளிக்கு எத்தனை சாக்கு இலை வேண்டும் என்று கணக்கு கேட்டபோதே எனக்குத் தலை சுற்றியது. மருமகனுக்குக் கால் மரத்தது, மலச்சிக்கல், முடி கொட்டியது. முடி இப்போது எனக்கு இருப்பதை விட அதிகம். ஒன்பதாவது படிக்கிறான். எங்கள் வீட்டில் போனது பதினோரு நாள்தான், காய்ச்சல் விடவில்லை என்று உள்ளூர் டாக்டர் அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னதால். சாக்கு கட்டும்போது இப்போதெல்லாம் வியாபாரியிடம் எடை குறைத்துப் போடாதே என்று சண்டை போடுவதோடு, இலையில் தூசி இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

வள்ளியூர்க்காரர்:

எல்லாம் படித்தேன். ஒரு சந்தேகம், அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகிறோம், முள்சீத்தா வாங்கவே கூடாதா? சின்னவளுக்கு அந்தப் புளிப்பு பிடிக்கும்.

செங்கோட்டைக்காரர்:

தாராளமாக வாங்குங்கள், எப்போதாவது ஒரு பழம் தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று மட்டும் கடைக்காரனிடம் சொல்லிவிடாதீர்கள், கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றிவிடுவான்.