மதுரைப் பக்கம் திருநம்பிகளைப் புரிந்துகொள்ளும் மனநல ஆலோசகர் தேவை

வணக்கம். என் தம்பி திருநம்பி (பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டாலும் தன்னை ஆணாக உணர்பவன்), கல்லூரியில் படிக்கிறான். கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை; அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் பழைய பெயரையே சொல்லிக் கூப்பிட்டு, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். வெளியே வந்தவன், இனி யாரிடமும் வரமாட்டேன் என்றுவிட்டான். இப்படி ஒருவருடைய பாலின உணர்வையே 'மாற்றுகிற' சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அப்படியிருந்தும் இந்தப் பேச்சு!

அவனை அவனாகவே ஏற்றுத் தமிழில் பேசுகிற ஆலோசகர் யாரையாவது தெரியுமா? நேரில் என்றால் மதுரை, திண்டுக்கல். ஆன்லைன் என்றாலும் சரி. அப்புறம், அவன் வயதுத் திருநம்பிகள் கூடிப் பேசுகிற குழு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டரைவிட அதுதான் இப்போது அவசியம் என்று நினைக்கிறேன். நீங்களே போய்ப் பார்த்தவர்களை மட்டும் சொன்னால் நல்லது. தனிச்செய்தியில் அனுப்பினாலும் போதும்.